விண்டோஸ் 10 காலம் முடிந்தது: வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டக் குடியிருப்புக்கு வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். என் கையில் மடிக்கணினி இருப்பதைப் பார்த்த ஒரு தாயார், உள்ளே போய்த் தம் வீட்டு மடிக்கணினியை எடுத்து வந்தார். கருப்பு நிற லெனோவோ திங்க்பேட். 2020ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், மகளின் இணையவழிப் பாடத்துக்காக 900 வெள்ளி கொடுத்து வாங்கிய பழைய கணினி. அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த மகள் இப்போது படிவம் 4இல் இருக்கிறார். "தம்பி, இது செத்துப்போச்சுன்னு கடையில சொல்றாங்க. தெறந்தா ஓடுது. ஓடுறது எப்படிச் செத்திருக்கும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. மின்கலம் ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது. திறக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது. மற்றபடி எல்லாம் ஓடுகிறது. ஆனால், விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வருகிறது. பட்டணத்துக் கடையில் காட்டியதற்கு, இதில் புதிய விண்டோஸ் ஏறாது, புதுக் கணினிதான் வாங்க வேண்டும், 2,300 வெள்ளி, மாதத் தவணைக்குத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, மனைவிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, படிக்கிற பிள்ளைகள் மூவர். அந்த வீட்டில் 2,300 வெள்ளி என்பது பல மாதத்து மளிகைச் செலவு.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டோடு நிற்கவில்லை. கிள்ளான், சுங்கைப்பட்டாணி, சிரம்பான் எனப் பட்டணங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே அறிவிப்பு வந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் தவணையில் கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள் இருக்கின்றன.

எது நின்றது?

விண்டோஸ் 10 இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29ஆம் தேதி வெளியிட்டது. பத்தாண்டு கழித்து, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திக்கொண்டது. இதனால் கணினி நின்றுவிடாது. நேற்று திறந்த வேர்ட் கோப்பு இன்றும் திறக்கும். நின்றுபோனது ஓட்டை அடைக்கும் வேலை.

எந்த மென்பொருளிலும் நாள் ஆக ஆகப் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றை மாதந்தோறும் அடைத்து வந்தவர்கள் இப்போது கையை எடுத்துவிட்டார்கள். கூரையைப் பார்க்க ஆள் வராத வீடு போலத்தான். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது.

மழை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் நடந்தது உதாரணம். வானாகிரை என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசாங்க மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்னரே, அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தைப் போடாத கணினிகள். இன்று புதுப்பிப்பு பெறாத விண்டோஸ் 10 கணினிக்குத் திருத்தமே வருவதில்லை.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 வரை தொடரும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது உண்மைதான். ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. சுவரில் விழுந்த ஓட்டையை அவர் அடைக்க மாட்டார். அதே கணினியில் பிள்ளை படிக்கிறது, அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார், அம்மா வருமான வரிப் பாரத்தை நிரப்புகிறார் என்றால் ஆபத்து யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் வீடுகளில் ஏன் இது அதிகம்?

விண்டோஸ் 11 இலவசமாகத்தான் கிடைக்கிறது. ஆனால் அது எல்லாக் கணினியிலும் ஏறாது. குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இவற்றோடு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். இன்டெல் கோர் செயலி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017ஆம் ஆண்டின் பிற்பாதியில்.

உங்கள் கணினி எந்தத் தலைமுறை என்பதை நீங்களே பார்த்துவிடலாம். அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தில் செயலியின் பெயர் இருக்கும். ஐ5-6300யு என்றிருந்தால், சிறு கோட்டுக்கு அடுத்த 6தான் தலைமுறை. ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை. இரண்டுக்கும் விண்டோஸ் 11 கிடையாது. ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, அதற்குக் கிடைக்கும். நான் பார்த்த அந்தத் தோட்டத்துக் கணினி 6ஆம் தலைமுறை.

இது தற்செயல் இல்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அந்த ஏப்ரலில் கல்வி அமைச்சு பெற்றோரிடையே நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்க 150 மில்லியன் வெள்ளியில் செர்டிக் நிதி அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் வராத குடும்பங்கள் கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கின. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்த திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகியவைதான் அந்த விலைக்குக் கிடைத்தவை. 2020இல் வாங்கிய கணினியின் உண்மையான வயது அப்போதே நான்கு, ஐந்து.

உறுதியாகச் செய்யப்பட்ட கணினிகள் அவை. அதனால்தான் இன்றும் ஓடுகின்றன. ஆனால் 2015க்கும் 2017க்கும் இடையில் செய்யப்பட்டவை என்பதால், விண்டோஸ் 11 போட்ட கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. வசதி குறைந்தவர்கள் மலிவாக வாங்கியது எதுவோ, அதுவே முதலில் கழிக்கப்படுகிறது.

கையில் உள்ள வழிகள்

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விண்டோஸ் 10லேயே தொடர்வது. இணையத்தில் இணைக்காமல், கோயில் கணக்கையோ கடைக் கணக்கையோ எழுத மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் இதில் பெரிய குறை இல்லை. வங்கி வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படும் கணினி என்றால் இது வேண்டாம்.

இரண்டாம் வழி, மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் அவகாசம். இதைப் பலருக்குக் கடைகளில் யாரும் சொல்லவில்லை. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறப் பதிந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் திறந்து, கணினி அமைப்புகளை அதில் சேமித்து வைக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 அமெரிக்க டாலர், ஏறக்குறைய 120 வெள்ளி. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான பொத்தான் இருக்கிறது. இன்னும் பதியாதவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். ஆனால் இது யோசிக்கக் கிடைக்கும் நேரம் மட்டுமே. அக்டோபர் 13 வந்ததும் அதே கேள்வி திரும்பி வரும்.

மூன்றாம் வழி, கடைகளில் சிலர் செய்து தரும் குறுக்கு வழி. ஏறாத கணினியிலும் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கூடவே திருட்டு உரிமத்தைத் திறக்கும் நிரலையும் போட்டுக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையில், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலை நாமே உள்ளே விடுகிறோம்.

நான்காம் வழி, புதிய கணினி. வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் நேரம் சாதகமாக இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குவதால், கடந்த ஆண்டின் இறுதியிலிருந்து உலகச் சந்தையில் ரேம் விலை வேகமாக ஏறியிருக்கிறது. புதுக் கணினிகளின் விலையிலும் அது தெரிகிறது.

ஐந்தாம் வழி, கணினியை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றுவது. அதுதான் லினக்ஸ்.

லினக்ஸ் என்பது என்ன?

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய நிரல் இது. அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பகிரலாம் என்று திறந்து விட்டார். இன்று உலகின் இணையச் சேவையகங்களில் பெரும்பகுதி இதில்தான் ஓடுகிறது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான். அதாவது, லினக்ஸ் நமக்குத் தெரியாது என்று சொல்பவர்களில் பலரும் அதை நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. வீட்டுக் கணினிக்கு, அதிலும் விண்டோஸில் பழகியவர்களுக்கு, லினக்ஸ் மின்ட் ஏற்றது. 2006 முதல் வெளிவருகிறது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் எனப் பழகிய முகம். அதன் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. இப்போது படிவம் 4இல் இருக்கும் பிள்ளை எஸ்.பி.எம். முடிக்கப் போதுமான காலம் அது. 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக இருக்கும் என்கிறது மின்ட். இணைய உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைப்பவர்களுக்கு 8 ஜிபி நல்லது. பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் மந்திரம் இல்லை. பழைய கணினி மெதுவாக ஓடுவதற்குப் பல வேளைகளில் காரணம் உள்ளே சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால்தான் வேகம் தெரியும். திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் மாற்றலாம். கடையில் கொடுத்தாலும் புதுக் கணினி விலையில் அது சிறு பங்குதான். அதேபோல், 32 பிட் மட்டுமே ஏற்கும் மிகப் பழைய கணினிக்காக மெனக்கெட வேண்டாம். மின்ட் இப்போது அவற்றை ஏற்பதில்லை.

எது ஓடும், எது ஓடாது?

பிள்ளைகளின் பள்ளி வேலை பெரும்பாலும் இணைய உலாவிக்குள் நடக்கிறது. கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகல் கிளாஸ்ரூம், கூகல் மீட், யூடியூப், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் மின்ட்டோடு வருகிறது. ஸூம் செயலிக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. டீம்ஸை உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். இணைய வங்கிச் சேவையும் வருமான வரி இணையத்தளமும் உலாவியில் திறப்பவைதான்.

வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் இடத்தில் லிப்ரே ஆபீஸ் இருக்கும். அந்தக் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கும். ஆனால் வேர்டில் நுணுக்கமாக அமைத்த அட்டவணைகளும் படங்களும் சில வேளை இடம் மாறும். பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இது தலைவலியாகலாம். அவர்கள் வேர்டை உலாவியிலேயே பயன்படுத்தலாம்.

ஓடாதவையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் முழுப் பதிப்பு, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வலோரண்ட் போன்ற விளையாட்டுகள் ஓடாது. வீட்டில் இதற்காகவே எதிர்ப்பு வரலாம். சில கல்லூரிகள் இணையவழித் தேர்வுக்குக் கணினியைப் பூட்டும் செயலியைக் கேட்கும். அவற்றில் பல விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடும். பிள்ளை அப்படிப்பட்ட கல்லூரியில் இருந்தால் முதலில் விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள். அலுவலகத்தில் தரும் கணக்கியல் மென்பொருளும் அப்படித்தான். அச்சுப்பொறிகளில் பெரும்பாலான எச்பி வகைகளுக்குச் சிக்கல் இல்லை. மற்ற நிறுவனங்களுடையதை வாங்குமுன், வைத்திருந்தால் மாற்றுமுன், இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் எழுத முடியுமா?

இந்தப் பக்கத்தின் வாசகர்கள் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். முடியும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் அமைப்புகளிலேயே இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை அது. ஆங்கில ஒலிப்பைக் கொண்டு 'அம்மா' என்று அடிப்பவர்களுக்கும் உள்ளீட்டு முறை உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டின் மெனுக்களையும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு என்பதால் சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும்.

கவனிக்க வேண்டியது எழுத்துரு. விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் வேறு எழுத்துருவில் தோன்றும். எழுத்து மாறாது, வரி உடையும் இடம் மாறும். பள்ளிக்கோ சங்கத்துக்கோ அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, யூனிகோட் பரவுவதற்கு முன் அடித்த பழைய கோப்புகள். ஆலய ஆண்டு மலர், சங்கத்தின் கூட்டக் குறிப்பு, ஆசிரியர்கள் சேர்த்து வைத்த தேர்வுத்தாள் எனப் பல இன்னமும் பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. தமிழ் படித்தவன் என்பதால் இப்படிப்பட்ட கோப்புகள் என்னிடமும் நிறைய உண்டு. விண்டோஸை அழிக்கும் முன் அந்த எழுத்துருக் கோப்புகளையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அவற்றை நிறுவினால் பெரும்பாலும் பழையபடி படிக்கலாம். எழுத்துரு தொலைந்தால் அந்தப் பக்கங்கள் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

கணினியில் தமிழ் வருமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1985இல், முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். புதிய கருவியைப் பழகிக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

செய்யும் முறை

முதல் வேலை நகலெடுப்பது. படங்கள், பள்ளிக் கோப்புகள், எழுத்துருக்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கிலோ இணையச் சேமிப்பிலோ எடுத்து வைத்து, அவை வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, திருமணப் படங்களைத் தொலைத்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்து, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது பெலீனா எட்சர் என்ற இலவசக் கருவியால் பென்டிரைவில் எழுத வேண்டும். கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். கைப்பேசி டேட்டாவில் இறக்கினால் மாதக் கணக்கு தீர்ந்துவிடும். வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள்.

பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போது, லெனோவோ, டெல் என்றால் எஃப்12 விசையையும், எச்பி என்றால் எஃப்9 விசையையும் அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே மின்ட் திரையில் வந்துவிடும். லினக்ஸின் பெரிய வசதி இது: வாங்குமுன் போட்டுப் பார்க்கும் சட்டை மாதிரி. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, அச்சுப்பொறி ஓடுகிறதா என்று அரை நாள் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள்.

பள்ளியோ அறவாரியமோ இரவலாகக் கொடுத்த கணினி என்றால் அதில் கை வைக்காதீர்கள். அது நம் சொத்து இல்லை. முதலில் பள்ளியில் அனுமதி கேட்க வேண்டும்.

தனித்தனியாக முடியாதது

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, கணினி பழக்கமுள்ள ஓர் இளைஞர் ஒரு சனிக்கிழமையில் இதைச் செய்துவிடுவார். நான் பார்த்த அந்தத் தாயாரால் முடியாது. முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. லினக்ஸ் இலவசம். ஆனால் அதைப் போட்டுக் கொடுக்கவும், ஒரு வாரம் கழித்து அச்சுப்பொறி ஓடவில்லை என்று கூப்பிட்டால் வந்து பார்க்கவும் ஆள் வேண்டும். நம் மக்கள் பெரிய தொகைக்குத் தவணை எடுப்பது பெரும்பாலும் அந்த ஆள் இல்லாததால்தான். கடைக்காரரிடம் போனால் யாராவது பதில் சொல்கிறார்கள் அல்லவா?

இங்கே நம் உதவித் திட்டங்களின் குறையும் தெரிகிறது. எத்தனை சாதனம் கொடுத்தோம் என்று கணக்கு வைக்கிறோம். ஐந்தாம் ஆண்டில் அந்தச் சாதனம் என்ன ஆகும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. திறந்த மூல மென்பொருளை அரசுத் துறையில் பயன்படுத்த நம் நாடு 2004ஆம் ஆண்டிலேயே பெருந்திட்டம் வகுத்தது. அந்தச் சிந்தனை அலுவலகங்களைத் தாண்டிக் குடும்பங்களுக்கு வந்து சேரவில்லை. அடுத்த உதவித் திட்டத்தில் புதுக் கணினிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் எஸ்எஸ்டிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கினால், அதே பணத்தில் இன்னும் பல வீடுகளை எட்டலாம்.

அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றில் கணினி அறையும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உண்டு. புறநகர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நாடி என்ற பெயரில் 1,000க்கும் மேற்பட்ட இணைய மையங்கள் இயங்குகின்றன. அங்கே இணையமும் பணியாளர்களும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் கணினித் துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். ஆலய மண்டபத்தில் இரத்த தானமும் கண் பரிசோதனையும் நடத்தத் தெரிந்த நமக்கு, பழைய மடிக்கணினிகளைச் சரிபார்க்கும் ஒரு நாளை நடத்துவது பெரிய வேலை இல்லை. ஐந்து பென்டிரைவ், நகலெடுக்க இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், நல்ல வைஃபை, விவரம் தெரிந்த நான்கு பேர். காலையில் நகலெடுத்து, மதியம் சோதித்து, மாலையில் நிறுவலாம். வந்தவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, ஆறு மாதத்துக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு இல்லாமல் நடத்தினால், அடுத்த மாதமே பாதிக் கணினிகள் மறுபடி கடைக்குப் போய்விடும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் மென்பொருள் சுதந்திர நாள் உலகின் பல ஊர்களில் கொண்டாடப்படுகிறது. 2026இல் அது செப்டம்பர் 19. விண்டோஸ் 10க்கான கூடுதல் அவகாசம் முடிய அப்போது ஒரு மாதம்கூட இருக்காது. ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளி அந்த நாளில் இதைத் தொடங்கி வைத்தால், மற்ற பள்ளிகள் பார்த்துச் செய்யும்.

கழிவாக வீசினால் எங்கே போகும் என்பதையும் நினைக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். நம் நாட்டில் மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் அட்டவணையிட்ட கழிவு. குப்பைத் தொட்டியில் போடும் பொருள் இல்லை. ஓடுகிற கணினியை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டினால் அந்தக் குவியலில் ஒன்று குறையும்.

அந்தத் தோட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பரோடு மறுபடி போனேன். முதலில் கோப்புகளை நகலெடுத்தோம். பென்டிரைவில் மின்ட்டைத் திறந்து பார்த்ததில் வைஃபையும் கேமராவும் ஒலியும் சரியாக இருந்தன. கைரேகை உணரி மட்டும் வேலை செய்யவில்லை. அது ஒருநாளும் பயன்பட்டதில்லை என்றார் மகள். எஸ்எஸ்டியை மாற்றி, மின்ட்டை நிறுவி, தமிழ்99ஐ அமைத்து முடிக்க மாலை நான்கு மணி ஆனது. மகள் டெலிமாவைத் திறந்து பார்த்தார். தம்பி வந்து விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய்விட்டான். அந்தத் தாயார் கேட்டது ஒன்றுதான்: பக்கத்து வீட்டிலும் இதே மாதிரி ஒன்று அலமாரிமேல் கிடக்கிறது, அதையும் எடுத்து வரச் சொல்லலாமா?